ரதி அழுவதற்கு முன்

மாசி அமாவாசைக்குப் பின் வரும் மூன்றாம் பிறையன்று கம்பம் ஊன்றித் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமதகனத்தோடு உச்சம் பெறும் காமன் கூத்து, பெயராலும் கதையாலும் மன்மதனுக்கே உரியது. கரும்பு வில்லும் மலர்க்கணையும் அவன் கையில் உள்ளன; எரிவதும் அவனே, பின்னர் உயிர்த்தெழுவதும் அவனே. அவ்வாறிருந்தும், இலங்கையின் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கூத்து முடிந்த பின் பெரட்டுக் களத்திலும், அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்திலும், கொழுந்து மலையிலும் எழும் பேச்சு மன்மதனைப் பற்றியதாக இருப்பதில்லை. இந்த ஆண்டு ரதி கட்டியவர், அதாவது மன்மதனின் மனைவி வேடம் பூண்டவர், எப்படி என்பதே முதற் கேள்வியாகிறது. திரைப்படச் சுவரொட்டி முழுவதையும் நாயகன் நிறைத்திருக்க, அப்படத்தைப் பலமுறை பார்த்த ரசிகர்கள் நான்கே காட்சிகளில் வந்துபோன துணை நடிகரைப் பற்றிப் பேசி ஓயாதிருப்பதும் இத்தகைய பற்றே.

பற்றில் பிழையில்லை, அதற்குச் சொல்லப்படும் காரணத்திலேயே பிழை இருக்கிறது. ரதி கட்டியவருக்குத் தோட்டத்தில் கிடைக்கும் உச்சப் பாராட்டு, அவர் நன்றாக அழுதார் என்பதாகும். மன்மதன் எரிந்தபின் ரதி தலைவிரி கோலமாகக் களத்தில் விழுந்து ஒப்பாரி வைக்கும் கட்டத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு, தொண்டை கம்மியது, கண்ணீர் நிற்கவில்லை, லயத்துப் பெண்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் பெண்கள், எல்லாரும் அழுதார்கள் என்று மதிப்பெண் போடப்படுகிறது. உண்மையில் அந்த வேடத்தின் மிக எளிய பகுதி அதுதான். ஒப்பாரி, அதாவது இறந்தவரை முன்னிறுத்தி உறவினர் பாடும் புலம்பல், தன் மெட்டினாலேயே கேட்பவரை உருக்கவல்லது. அந்த மெட்டை வாழ்நாள் முழுவதும் சாவு வீடுகளில் கேட்டு வந்தவர்கள் களத்தைச் சுற்றி அமர்ந்திருக்கையில், நடுத்தரமான குரல் உள்ள ஒருவர்கூட அவர்களை அழவைத்துவிட முடியும். அங்கு வேலையின் பாதியை மெட்டும், மீதியைக் கேட்போரின் நினைவும் செய்துவிடுகின்றன.

ஒரு ரதியின் தரம் நிர்ணயமாவது அதற்கு முன்னர், மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும்போது அவள் அவனை வழிமறிக்கும் கட்டத்தில்தான். பலரும் சுருட்டுப் பற்றவைக்கவும், தேநீர் குடிக்கவும், குழந்தையை உறங்கவைக்கவும் எழுந்து போகும் நேரமாக அது இருப்பது பெரும் இழப்பாகும்.

இக்கட்டத்தின் கடினம் கதையின் அமைப்பிலேயே இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் சொல்வதன்படி, சூரபதுமனின் கொடுமையால் நலிந்த தேவர்களுக்குச் சிவனின் மகன் ஒருவன் தேவைப்பட, யோகத்தில் அமர்ந்திருக்கும் சிவன் மீது கணை தொடுக்குமாறு பிரமன் மன்மதனைப் பணிக்கிறான். அழிவு உறுதி என்று அறிந்து மறுக்கும் மன்மதன், போகாவிட்டால் பிரமனின் சாபம் காத்திருப்பதால் வேறு வழியின்றிப் புறப்படுகிறான். கூத்தைப் பார்க்க வந்திருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இதன் முடிவு தெரியும். கரும்பும் ஆமணக்கும் சேர்த்து வைக்கோல் பிரி சுற்றிய கம்பம், மன்மதனின் உருவாக எண்ணப்பட்டு, காமன் பொட்டல் என அழைக்கப்படும் களத்தின் நடுவே எரிவதற்காகவே நிற்கிறது. ஆகவே ரதியின் தடுப்பு வெல்லப்போவதில்லை என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிவான ஒன்று. தோல்வி உறுதியான அந்த வழக்கை, வென்றுவிடுவாளோ என்று ஒரு கணமாவது பார்வையாளர் ஐயுறும்படி வாதாடுவதே ரதி கட்டுபவரின் பணி.

ரதி வேடத்தை ஆண்களே பூணுவது மரபாதலால், இப்பணி இன்னும் நுட்பமாகிறது. பெண்ணின் சாயலைக் கொண்டுவரும் முயற்சியில் பலர் குரலை மெலிதாக்கி, இடுப்பை ஒடித்து, கெஞ்சலை மிகையாக்குகின்றனர். கெஞ்சல் மிகுந்த அளவுக்கு வாதம் மெலிந்துவிடுகிறது. மன்மதனின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிடும் ரதிகள் இன்று பெருகியிருக்கிறார்கள். தரையில் அமர்ந்தவரைத் தாண்டிப் போவது எளிது. கபடியில் பாடி வருபவரின் முன்னே முழந்தாளிட்டு உட்காரும் தடுப்பாட்டக்காரர் எவரும் இல்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில், எந்தப் பக்கமும் நகரக்கூடிய நிலையில் காலை வைத்து நிற்பவருக்கே பாடி வருபவர் அஞ்சுவார்.

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் சில ஆண்டுகளாக ரதி கட்டிவரும் ஒருவரை இவ்விடத்தில் உற்று நோக்க வேண்டும். பெயர் இங்கு வேண்டியதில்லை; அப்பகுதிக் கூத்துப் பிரியர்கள் இதற்குள் அவரை அறிந்துகொண்டிருப்பார்கள். ஒப்பாரியில் அவர் சுமாரானவர் என்பது பொதுக் கருத்து, அது பெருமளவு சரியும்கூட. குரல் மேலே போனால் பிசிறடிக்கிறது. வழிமறிக்கும் கட்டத்திலோ அவர் செய்யும் தெரிவுகள் வேறு எவரிடமும் காணக் கிடைக்காதவை. முதலாவதாக, அவர் மன்மதனுக்கு நேரெதிரே நிற்பதில்லை. அரை உடல் விலகி, வில்லேந்திய கையின் பக்கமாக நின்று, கரும்பு வில்லின் நுனியை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்துக்கொள்கிறார். மன்மதன் கட்டியவர் வில்லை இழுத்தால் அது நழுவிவிடும், ஆனால் இழுக்க வேண்டியிருக்கிறது. போவது என்ற முடிவை அவர் எல்லார் முன்னிலையிலும் தன் கையாலேயே செய்து காட்டவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

அதற்கடுத்த தெரிவு தாளத்தோடு தொடர்புடையது. காமன் கூத்தின் ஆட்டம் முழுவதையும் தாங்கிச் செல்வது தப்பு. வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, ஆட்டத்துக்கு முன் தீயில் காய்ச்சி, இரு குச்சிகளால் அடிக்கப்படும் பறை வகை அது. சலங்கை கட்டிய கால்கள் தப்பின் அடியை விட்டு விலகக்கூடாது என்பதே மாஸ்டர்கள், அதாவது கூத்தைப் பழக்கும் வாத்தியார்கள், கற்பிக்கும் முதற் பாடம். இவரோ வழிமறிக்கும் பாட்டின் முடிவில், அடுத்த அடிக்குத் தூக்கிய காலை வைக்காமல் நிறுத்திவிடுகிறார். தப்படிப்பவர் ஒரு சுற்று அடித்துப் பார்க்கிறார், மறு சுற்றும் அடித்துப் பார்க்கிறார், பிறகு குச்சியைத் தாழ்த்துகிறார். அந்த இடைவெளியில் ரதி பாட்டை விட்டுவிட்டு, லயத்துப் பேச்சில், குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "எப்ப வருவீங்க?"

மன்மதனின் பாடத்தில் இக்கேள்விக்கு விடை எழுதப்படவில்லை. தேவர்களின் துன்பம், பிரமனின் ஆணை, கணவனின் கடமை ஆகியவற்றுக்கெல்லாம் பாட்டிலே பதில் உண்டு. திரும்பிவரும் நாளுக்கு மட்டும் இல்லை. கேட்டவர் விடையை எதிர்பார்த்து நிற்க, மன்மதன் கட்டியவர் வில்லை ஒருமுறை தோள் மாற்றிவிட்டு மாஸ்டர் இருக்கும் பக்கம் பார்க்கிறார். தாளம் தவறிவிட்டது என்றும், ரதி பாட்டை மறந்துவிட்டார் என்றும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுவதுண்டு. தாளத்தைக் காக்கக் கற்றவர் அதைத் துணிந்து நிறுத்துவதற்கும், கற்காதவர் தவறவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஒரு சோதனை போதும்: ஆட்டம் மீண்டும் தொடங்கும்போது கால் எந்த அடியில் விழுகிறது என்று பார்க்கலாம். இவருடைய கால் முதலடியிலேயே விழுகிறது.

இத்தகைய ஆட்டத்தைப் பிழையாகப் படிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தொலைதூரம் தேட வேண்டியதில்லை. முகத்தை ஓர் அடி தூரத்தில் கொண்டுவந்து காட்டும் திரைப்படக் கருவி, கண்ணீரையே நடிப்பின் அளவாக இரண்டு மூன்று தலைமுறைகளுக்குப் பழக்கிவிட்டது. காமன் பொட்டலில், குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு முப்பது அடி தள்ளி அமர்ந்திருப்பவருக்குக் கண்ணீர் தெரியப்போவதில்லை. நிற்கும் இடம், கால், கை, அமைதி ஆகியவையே அங்கு எட்டும். திரையிலிருந்து அழுகையை இரவல் வாங்கிய ரதிகள் அங்கே பாதி நடிப்பைக் காற்றில் விடுகிறார்கள்.

ரதியின் மீது தோட்டம் கொண்ட பற்றுக்கு இன்னும் ஆழமான வேர் உண்டு. தமிழ் இலக்கியம் போற்றிய மனைவியர் பெரும்பாலும் வழிவிட்டவர்கள். புகாரின் காமவேள் கோட்டத்தில் வழிபட்டால் பிரிந்த கணவன் வருவான் என்று தேவந்தி சொன்னபோது, அது பெருமையாகாது என்று கண்ணகி மறுத்துவிட்டதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது; மதுரையில் சிலம்பு விற்கப் புறப்பட்டவனையும் அவள் தடுக்கவில்லை. காமனைத் தெய்வமாக்கிய கூத்திலோ மனைவி குறுக்கே நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எங்கோ உள்ள அதிகாரம் முடிவெடுக்க, வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டுப் போகும் அனுபவத்தைத் தலைமுறைதோறும் கண்டவர்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தபோது, ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டவராயினர்; மலையிலிருந்து இறங்கிய கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறியவர்களை நிறுத்த எவராலும் இயலவில்லை. வெல்லாது என்று தெரிந்தும் ஒருத்தி மறித்தாளே என்பதில் அக்கூட்டம் கண்ட நிறைவை, அழுகையின் நயம் மட்டும் விளக்கிவிடாது.

இன்று போகிறவர்கள் மாறியிருக்கிறார்கள். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்கும் செல்வதால், பிள்ளைகளோடு தோட்டத்தில் நிற்பவர்கள் பல குடும்பங்களில் ஆண்களாக இருக்கின்றனர். சேலை கட்டிய ஓர் ஆண், போகிறவரைப் பார்த்து எப்போது வருவீர்கள் என்று கேட்கையில், முன் வரிசை ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வதன் பொருளை வேடத்தின் வெற்றியாகவே கொள்ள வேண்டும்.

வரும் மாசிகளில் என்ன நிகழும் என்பதை ஓரளவு துணிந்தே கூறலாம். ஆட்டக்காரர்கள் வெளியூர் வேலையிலிருந்து விடுப்பில் வருவதால் ஒத்திகை நாட்கள் குறையும். குறையும்போது முதலில் வெட்டுப்படுவது வழிமறிக்கும் கட்டமாகவே இருக்கும், ஏனெனில் அதில் தீயும் இல்லை, புலம்பலும் இல்லை. கைத்தொலைபேசிகளில் பரவும் துண்டுக் காட்சிகள் தகனத்தையும் ஒப்பாரியையும் மட்டுமே சுமந்து செல்வதால், அவற்றைப் பார்த்துப் பழகும் இளம் ரதிகள் இன்னும் உரக்க அழுவார்கள். கொழும்பு மேடைகளுக்காகக் கூத்தை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்குபவர்கள் ரதியை இறுதிக் காட்சிக்கு மட்டும் அழைப்பார்கள், நடுவர்கள் அதற்குப் பரிசும் கொடுப்பார்கள்.

அதே வேளையில் எதிர்த்திசையிலும் ஓர் அசைவு தொடங்கும். தப்படிப்பவர்கள் அந்த இடைவெளியின் சுவையைக் கண்டுகொண்டுவிட்டார்கள். ரதி காலை நிறுத்துவதற்கு முன்பே குச்சியைத் தளர்த்தும் கைகளை அண்டைத் தோட்டங்களிலும் விரைவில் காணலாம். ரதி வேடத்தைப் பெண்கள் பூணும் வழக்கம் இப்பகுதியில் பரவுமானால், மெலிந்த குரலைச் செயற்கையாக வருவிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இராததால், அவர்கள் கெஞ்சலைக் கைவிட்டு வாதத்தையே எடுத்துக்கொள்வார்கள். அட்டன் பக்கத்து ஆட்டக்காரரோ நெடுங்காலம் இவ்வேடத்தில் நீடிக்கமாட்டார்; குரல் இன்னும் கரகரத்ததும் அவர் மாஸ்டராகி, தன் இடத்துக்கு ஓர் இளைஞரைப் பழக்குவார். அந்த இளைஞர் முதல் ஆண்டு காலை நிறுத்துவார், கேள்வியைக் கேட்பார், காத்திருக்கும் பொறுமையின்றி உடனே அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுவார்; தோட்டமும் பழைய ரதியைப் போல வராது என்று பேசும். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ அவர் காத்திருக்கப் பழகியதும், மன்மதன் கட்டுகிறவர்கள் அக்கேள்விக்கு ஒரு பதிலைக் கட்டிப் பாடத் தொடங்குவார்கள்.