லேபிளைக் கடைசியில் படியுங்கள்

வீட்டு கிராமபோனில் ஏறவே ஏறாத தட்டு. குறுக்களவு 16 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம். 1930, 40களில் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கென்றே தயாரான இந்த நிகழ்ச்சித் தட்டுகளைக் கையில் எடுப்பவர் முதலில் லேபிளைத்தான் படிப்பார். அது கடைசியில் படிக்க வேண்டியது.

முதலில் நடுத்துளையின் சுற்றுப்புறம். அங்கே வேறு துளைகளும் இருந்தால் (லேபிளுக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் விரலுக்குத் தட்டுப்படும்), அது அச்சடித்த தட்டே அல்ல. அலுமினியத்தின் மேல் லாக்கர் பூசி நேரடியாக வெட்டிய ஒற்றைப் பிரதி. வெட்டும்போது தட்டு வழுக்காமலிருக்கத்தான் அந்தத் துளைகள். போர்க்காலத்தில் அலுமினியம் விமானங்களுக்குப் போய்விட, கண்ணாடியின் மேல் பூசினார்கள். அப்படிப்பட்டதை எடுக்கும்போது பேச்சைக்கூட நிறுத்திவிடுவது நல்லது. மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் லாக்கர் கெடத் தொடங்கிவிட்டது. லாக்கர் தட்டுகளில் பல உள்ளிருந்து வெளியே ஓடும். அப்படி வெட்டும்போது உரியும் லாக்கர் இழை நடுவே ஒதுங்கி, வெட்டும் முள்ளின் வழியில் சிக்காது.

அச்சுத் தட்டோ வினைல். விளக்குக்கு எதிரே பிடித்தால், சிலவற்றில் கருப்புக்குள்ளிருந்து கருப்பட்டிப் பாகின் செம்மை கசியும். எனக்கு இந்தக் கணத்துக்காகவே தட்டு சேர்க்கலாம் என்று தோன்றும்.

அடுத்து, கடைசி ஒலிவரிக்கும் லேபிளுக்கும் நடுவே வெறுமையாய்க் கிடக்கும் வளையம். அங்கே பொறித்த மேட்ரிக்ஸ் எண் (அச்சின் அடையாள எண்) ஆர்.சி.ஏ. நிறுவன அச்சுகளில் ஆண்டைச் சொல்லிவிடும்: டி4 என்றால் 1944, டி7 என்றால் 1947, ஈ0 என்றால் 1950. லேபிளும் நிகழ்ச்சியும் ஒன்றாயிருந்து எண் மட்டும் வேறாக இருந்தால், மறுபடி வெட்டிய அச்சு என்று சந்தேகப்படலாம்.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையில் வெட்டிய வேர்ல்டு பிராட்காஸ்டிங் நிறுவனத் தட்டுகள் தனி ஜாதி. அவற்றில் முள் பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழுமாக ஏறி இறங்கும். ஸ்டீரியோ முள்ளில் ஒரு பக்க இணைப்பைத் திருப்பிப் போட்டால்தான் உள்ளே இருப்பது வாய் திறக்கும்.

இவ்வளவு துப்பறிந்து என்ன பயன் என்பவருக்கு, ஏ.எஃப்.ஆர்.எஸ். தட்டைக் காட்டலாம். 1942இல் தொடங்கிய இந்த அமெரிக்கப் படைவீரர் வானொலிச் சேவை, நகைச்சுவையாளர் ஜாக் பென்னி போன்றோரின் நிகழ்ச்சிகளை விளம்பரங்களை அறுத்தெடுத்துவிட்டு வினைலில் அச்சடித்துக் கடல் கடந்து அனுப்பியது. அறுத்த இடத்தில் பெரும்பாலும் இசையை நிரப்பினார்கள். ஆக, ஒரே இரவின் நிகழ்ச்சி இரண்டு உடல்களில் கிடைக்கக்கூடும்: விளம்பரத்தோடும் பொரபொரப்போடும் லாக்கரில்; சுத்தமாக, ஆனால் தையல் தெரிய, வினைலில். காதுக்கு இதமானது வினைல்தான். நானோ பொரபொரப்பைப் பொறுத்துக்கொண்டு லாக்கரையே எடுப்பேன். தன் நிகழ்ச்சியின் சிகரெட் விளம்பரத்தையே கிண்டலடிக்காத பென்னி, பாதி பென்னி.