பானைச் சோறும் நம்பிக்கை ஆயிடையும்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழியை மாதிரி ஆய்வுக்கு உவமையாகக் காட்டுதல் புள்ளிவிபரவியல் கற்பிப்போர்க்குப் பழகிய வழக்கு. ஆயின் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்கே அது பொருந்தும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் அத்தகைய பானை அல்ல.

2016ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வு, இலங்கைத் தோட்டத்துறை மக்களுள் 8.8 சதவீதத்தினர் வறியோர் என்றது. நாடு முழுவதற்கும் அவ்வளவு 4.1. கணக்கிற்காக, 400 பேரை எழுமாறாகத் தெரிந்து இவ்விகிதம் பெறப்பட்டதெனக் கொள்வோம். விகிதத்தை அதன் எஞ்சிய பகுதியாற் பெருக்கி, 400ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண நியம வழு 1.42 ஆகும். அதனை 1.96ஆற் பெருக்க 2.8. எனவே 95 சதவீத ஆயிடை 6.0 முதல் 11.6 வரை. 2012/13இல் கண்ட 10.9 இதனுள் அடங்குவதால், இத்துணைச் சிறு மாதிரியைக் கொண்டு வறுமை குறைந்தது எனத் துணிதல் ஆகாது.

‘உண்மை விகிதம் இவ்வாயிடையுள் இருத்தற்கு 95 சதவீத வாய்ப்பு உண்டு’ என மாணவர் எழுதுவர். 1937இல் இம்முறையை விரிவாக நிறுவிய நெய்மன் கருதியது அதுவன்று. மாதிரிகளைப் பன்முறை எடுத்தால், அம்முறை தரும் ஆயிடைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையைத் தழுவும் என்பதே அவர் கருத்து. உறுதி முறைக்குரியது, கைக்கு வந்த ஓர் ஆயிடைக்குரியது அன்று.

இதனினும் பெரிய குறை வேறொன்று. ஒரு லயத்தில் அடுத்தடுத்துப் பத்துக் குடும்பங்களை வினவினால் பத்துச் செய்திகள் கிடைப்பதில்லை. அவர்கள் ஒரே பிரட்டுக்களத்திற் பெயர் கொடுப்போர். கேகாலை றப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு அனைவர்க்கும் ஒருங்கே நின்றுவிடும். அந்த ஒற்றுமையால் மாறற்றிறன் இருமடங்காயின், மேற்கண்ட ஆயிடை 4.9 முதல் 12.7 வரை விரியும். தொடக்கப் பாடத்தின் சூத்திரம் இதனை அறியாது.

இனி, 2019இல் தோட்டத்துறை வறுமை 33.8 சதவீதம் என வெளியிடப்பட்டது. 8.8 எங்கே, 33.8 எங்கே! முன்னது 2002ஐ அடிப்படையாகக் கொண்ட வறுமைக்கோட்டால் அளந்தது. பின்னது 2012/13ஐக் கொண்டது. அளவுகோல் வேறாயின் இரண்டையும் நேரே ஒப்பிடல் தகாது. அவ்வேறுபாட்டை எந்த ஆயிடையும் காட்டாது.

‘தோட்டம்’ என்ற சொல்லும் அவ்வாறே. இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும், அங்கே வதியும் தொழிலாளர் பதின்மரேனும் இருந்தாலே தொகைமதிப்புத் திணைக்களம் அதனைத் தோட்டம் என்னும். லயத்தை விட்டு அயற்கிராமத்திற் காணி வாங்கிக் குடியேறியவர் நாள்தோறும் அதே மலையிற் கொழுந்து பறித்தாலும் கிராமத்துறைக் கணக்கிலேயே சேர்வர்.