முழங்கையை அளக்கும் கமரா

1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ன் டெஸ்டில் முத்தையா முரளிதரன் முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயார் ஏழு முறை நோ-போல் கொடுத்தார். மறு ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த ஆய்வுகள், அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது என்றும் எறிவதுபோல் தெரிவது கண்மயக்கம் என்றும் கூறின. காணொளியால் உடலசைவை அளக்கும் கலை இலங்கையில் வீட்டுப் பேச்சானது இந்த வழக்கால்தான். இன்று தில்லையடி போன்ற ஊர்களில் பையன்கள் பந்து வீசும் திடலுக்கும் கைத்தொலைபேசியோடு ஒரு கமரா வந்துவிடுகிறது. எனவே இந்த முறையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய கேள்வியல்ல.

இதன் முதல் பலம், கண் ஏமாறும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது. முழங்கையை மடக்கி, அந்த மடிப்பை மாற்றாமல் தோளை மட்டும் சுழற்றிச் சுவரில் விழும் நிழலைப் பாருங்கள்: கை விரிந்து மடங்குவதுபோலத் தெரியும். ஒரே கமராவின் படமும் அந்த நிழல்தான். சாதாரண ஒளிபரப்பு விநாடிக்கு 25 படங்கள் என்றால் இரண்டு படங்களுக்கிடையே 40 மில்லிவிநாடி கழிகிறது. கை தோள்மட்டத்துக்கு வந்து பந்தை விடும் கணத்துக்குள் சில படங்களே கிடைக்கும். ஆய்வுகூடத்திலோ தோலில் ஒட்டிய குறிகளைப் பல கமராக்கள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை பிடிக்க, முப்பரிமாணத்தில் கோணம் கணக்கிடப்படுகிறது. 2004இல் முரளியின் தூஸ்ரா என்னும் சுழற்பந்தின் மீது முறைப்பாடு எழுந்தபோது 14 பாகை என அளக்கப்பட்ட முழங்கை நீட்சி, திருத்தப் பயிற்சிக்குப் பின் 10.2 ஆனது. சுழற்பந்து வீச்சாளருக்கு அப்போதைய எல்லை 5 பாகை. அதே ஆண்டு சம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகளின் காணொளிகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளர்களும் கையைச் சற்றேனும் நீட்டுவது தெரியவந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என விதி மாறியது. ஒருவரைக் குற்றம்சாட்டப் பயன்பட்ட அளவுகோல் விதியையே திருத்தியது. இது சிறிய சாதனையல்ல.

ஆனால் 15 என்ற எண்ணைக் கமரா தரவில்லை. அதற்கு மேற்பட்ட நீட்சியே வெறுங்கண்ணுக்குப் புலப்படும் என்பதால் மனிதர்கள் போட்ட கோடு அது. அளவீட்டிலும் மனித முடிவுகள் கலந்திருக்கின்றன. குறிகள் ஒட்டப்படுவது தோலில், எலும்பில் அல்ல. கை சுழலும்போது தோல் வழுக்குகிறது. பந்து கையை விட்ட கணம் எது என்று ஒரு படத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். 2014இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை சோதனைகளை சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகம் போன்ற புதிய நிலையங்களுக்கு விரித்தபோது, முன்பு அவற்றை நடத்திய மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்களே புதிய அளக்கும் முறையைக் குறைகூறினர். சோதனையில் ஒழுங்காக வீசிவிட்டுப் போட்டியில் எறியலாமே என்ற ஐயமும் நியாயமானது. வேகத்தையும் வீச்சுப் பாணியையும் போட்டிக் காணொளியோடு ஒப்பிடுவது அந்த ஐயத்தைக் குறைக்கும், போக்காது.

அப்படியானால் நடுவரின் கண்ணே போதும் என்பார் சிலர். இல்லை. கருவியின் பிழையை மதிப்பிடலாம், இன்னொரு கூடத்தில் சரிபார்க்கலாம், தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம். கண்ணின் பிழைக்கு இந்த மூன்றும் இல்லை. மறுபக்கத்தில், ஒட்டுக்குறி இல்லாமலே மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் ஓபன்போஸ் போன்ற மென்பொருள்கள் வந்துவிட்ட பிறகு ஆய்வுகூடம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு சிறுவனின் மேற்கையும் முன்கையும் தலா 25 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். மென்பொருள் முழங்கையை 2 சென்ரிமீற்றர் தள்ளிக் குறித்தாலே கோணம் ஏறத்தாழ 9 பாகை மாறிவிடும். அனுமதிக்கப்பட்ட எல்லையில் பாதிக்கு மேல் அந்தத் தவறிலேயே போய்விடுகிறது.

ஆகவே கைத்தொலைபேசிக் காணொளி பயிற்சிக்கு உதவட்டும்: ஒரே இடத்திலிருந்து எடுத்து, ஓட்டத்தையும் கால் பதியும் விதத்தையும் மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம். அதை வைத்து ஒரு பையனை எறிகாரன் என்று ஒதுக்கக் கூடாது. ஆய்வுகூடத்துக்கும் ஒரு கடமை உண்டு: கோணத்தோடு பிழையெல்லையையும் அறிக்கையில் அச்சிட வேண்டும். 15 பாகைக் கோட்டைச் சுற்றி அந்தப் பிழையெல்லைக்குள் அளவு தடுமாறினால் சந்தேகத்தின் பலன் பந்துவீச்சாளருக்கே.