உழக்கு மச்சான், உழக்கு!

இரவு பன்னிரண்டே முக்கால். பரிஸில், ஒதியோன் பக்கத்து ரெஸ்டோரன்ட் குசினியில் கடைசிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வருகிறேன். முன்பென்றால் இந்த நேரத்தில் கால் தானாக ஓடத் தொடங்கிவிடும். கடைசி மெத்ரோவை விட்டால் வீடிருக்கும் லாச்சப்பல் மட்டும் நடைதான். இப்போது என்ன அவசரம்? தெருமுனையில் வெலிப் என்கிற வாடகைச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. நீலம் ஒன்றைப் பார்த்து, அட்டையைக் காட்டி, இழுத்தெடுக்கிறேன். பச்சையென்றால் கால்தான் மோட்டார். நீலத்துக்குச் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது. லாச்சப்பல் கொஞ்சம் மேடு. வேலைக்கு இறங்கி வரும்போது பச்சை, ஏறிப் போகும்போது நீலம். இது என் சட்டம்.

ஊர் முழுவதற்கும் இன்னொரு சட்டம் உண்டு. சீற் பின்பக்கம் திரும்பியிருந்தால் அந்தச் சைக்கிளைத் தொடாதே, பழுது. முதலில் எடுத்து ஏமாந்தவர் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போகிற சங்கதி. முகம் தெரியாத ஒருவர் எனக்காக அந்த சீற்றைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறாரே என்று நினைக்கும்போதெல்லாம் இந்த நகரத்தின்மேல் இருக்கும் பாதிக் கோபம் போய்விடும்.

செய்ன் நதியைக் கடந்தால் செபஸ்தோப்போல் பெருந்தெரு. அடடா, அந்தத் தெரு! 2019இல் அதன் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து, கல்விளிம்பு வைத்து, போகவும் வரவும் சைக்கிளுக்கென்றே கொடுத்தார்கள். வெறும் வெள்ளைக்கோடு இல்லை. கோட்டை எந்தக் கார்க்காரனும் மதிக்கமாட்டான். கல்லை மதிப்பான், ஏனென்றால் அது அவன் ரயரைக் கேட்கும். காலை எட்டரைக்கு அதில் நிற்கும் நெரிசலைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் கல்லூரி விடும் நேரம் ஞாபகம் வரும்.

யாழ்ப்பாணம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1990இல் போர் திரும்பவும் தொடங்கியபின் எங்களுக்குப் பெற்றோல் தடை. விறகு, நெல், நோயாளி, மாப்பிள்ளை எல்லாமே சைக்கிளில் போன காலம். கரண்ட் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டிருக்கிறோம். அங்கே கார் இல்லாத ரோட்டைத் தந்தது தடை. இங்கே அதே ரோட்டை ஒரு மாநகரசபை கூட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, வழக்காடி வாங்கித் தந்திருக்கிறது. அதுதான் என்னால் நம்ப முடியாமல் இருக்கிறது.

வழக்கு என்றால் நிஜ வழக்கு. செய்ன் நதியின் வலது கரையில் 1967இல் திறந்த கார்ச் சாலை ஒன்று இருந்தது. 2016இல் அதில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் கார்களுக்கு மூடினார்கள். 2018 தொடக்கத்தில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. மாநகரசபை விட்டதா? சில வாரங்களுக்குள், கரையின் மரபழகைக் காக்கவேண்டும் என்று காரணத்தை மாற்றிப் புது உத்தரவு போட்டது. அதே வருடம் ஒக்ரோபரில் அது நிலைத்தது. இன்றைக்குப் பிள்ளைகள் அங்கே முதற்சைக்கிள் பழகுகிறார்கள்.

வெலிப் 2007 யூலையில், மேயர் தெலனோவே காலத்தில் வந்தது. ஆனால் 2014இல் மேயரான ஆன் இதால்கோவின் காலத்தில்தான் ரோட்டே மாறியது. 2020இல் கொரோனாவுக்குப் பயந்து மெத்ரோவில் ஏற ஆளில்லை. சைக்கிளுக்கென்று மஞ்சள் கோடும் தடுப்புக்கட்டையும் ஒரே இரவில் முளைத்த தெருக்கள் எத்தனை! லூவ்ர் வாசலால் போகும் ரிவோலித் தெருவில் சொந்தக் கார்களைக் கிட்டத்தட்ட நிறுத்தியேவிட்டார்கள். அடுத்த வருடம் ஐந்தாண்டுச் சைக்கிள் திட்டம், 25 கோடி யூரோ. பிறகு வந்த ஓர் ஆய்வின்படி, நகரத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் பயணங்களில் நூற்றுக்கு 11 சைக்கிளில், 4 மட்டுமே காரில். பாதிக்கு மேல் நடை! சைக்கிள்காரனாகிய நான் இதை மறந்துவிடக்கூடாது. ஒருநாள் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய், குறுக்கே வந்த கிழவி ஒருவரிடம் வாங்கிக் கட்டினேன். நியாயமான ஏச்சு.

வாடகைக்கு விட்ட மின்சாரத் துரொத்தினெத், அதுதான் நின்றபடி ஓட்டும் ஸ்கூட்டர், அதன் கதைதான் வேறு. ஏறத்தாழ 15,000 வண்டிகள், நடைபாதையெங்கும் வெறியில் விழுந்தவர்கள்போலக் கிடந்தன. 2023 ஏப்ரல் 2ஆம் திகதி மக்களிடமே கேட்டார்கள். வந்த வாக்கில் 89 வீதம் வேண்டாம் என்றது. வாக்களிக்கப் போனவர்களோ நூற்றுக்கு எட்டுப்பேர்கூட இல்லை. போகாதவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை, குசினியில் நின்றேன். ஓகஸ்ட் முடிவோடு அவை போயின. ஒழுங்காக நிறுத்த இடமும் வேகக் கட்டுப்பாடும் முதலிலேயே வைத்திருந்தால் தப்பியிருக்குமோ என்று இப்போதும் நினைப்பதுண்டு. ஆனால் நடைபாதையில் இடறாமல் போகும்போது அந்த நினைப்பும் போய்விடும்.

சிவப்பு விளக்கடியில் தொங்கும் ஒரு சின்ன முக்கோணப் பலகை தெரியுமா? மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் போட்டிருக்கும். நடப்பவருக்கு வழிவிட்டுவிட்டு, சிவப்பிலும் நீ திரும்பலாம் என்று அர்த்தம். உள்ளங்கையளவு தகரம்தான். அதைப் போட்டவரும் ஒருநாளாவது சைக்கிள் உழக்கியிருக்கவேண்டும்.

போன கோடையில் ரொறொன்ரோவிலிருந்து மச்சான் வந்திருந்தான். ரியூசனுக்கு என்னை டபிள்ஸ் ஏற்றிக்கொண்டு போனவன். இப்போது வயிறு முன்னால் போகிறது. ஆளுக்கொரு வெலிப் எடுத்தோம். நதிக்கரையால் போய்த் திரும்புவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"உழக்கு மச்சான், உழக்கு!"

செபஸ்தோப்போலில் ஒரு கம்பம் நிற்கிறது. கடந்துபோகும் சைக்கிள்களை எண்ணி இலக்கத்தைக் காட்டும். எங்களைக் கண்டதும் இலக்கம் இரண்டு கூடியது.

"எங்களையும் எண்ணிப்போட்டுதோ?"

"ஓம்."

அவன் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்பி, திரும்பவும் ஒருமுறை அதைக் கடந்து போனான்.