சிபியு யாருக்காக ஓடுகிறது?

சர்வரில் சிபியு 90 சதவீதம் ஓடுகிறது என்பது பாதித் தகவல்தான். யாருக்காக ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தவரே தேர்ந்த சிஸ்டம் அட்மின். விர்ச்சுவல் மெஷின்களைச் சுமக்கும் லினக்ஸ் ஹோஸ்டில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது, ரசிக்கத்தக்கதாகவும் ஆகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் எந்த மெஷினிலும் பெரிதாக வேலை இல்லை. வெளியே ஹோஸ்ட் கொதிக்கிறது. இரண்டு கணக்குமே சரிதான்.

கைதேர்ந்தவர் இங்கே முதலில் எதையும் ரீஸ்டார்ட் செய்வதில்லை. செய்தால் தொல்லை போகலாம். கூடவே தடயமும் போய்விடும். ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் 'டாப்' திரையில் பெரிய 'ஹெச்' எழுத்தைத் தட்டுகிறார். அதுவரை ஒற்றை வரியாக நின்ற கியூஎமு, அதாவது விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் புரோகிராம், த்ரெட் த்ரெட்டாகப் பிரிகிறது. லினக்ஸ் கெர்னலின் விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம்மில் ஒவ்வொரு விர்ச்சுவல் சிபியுவும் ஹோஸ்டின் கணக்கில் ஒரு த்ரெட்தான். 'சிபியு 0/கேவிஎம்' என்ற பெயரோடு அது மேலே ஏறி நிற்கும்போது, சந்தேகப்பட வேண்டிய இடம் ஒரே தட்டலில் சுருங்கிவிடுகிறது.

அடுத்தது 'பெர்ஃப்'. 2009 முதல் கெர்னலோடு வரும் கருவி. நொடிக்கு 99 தடவை சிபியுவை எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது, அதை யார் அழைத்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஏன் 100 இல்லை? தினமும் சரியாக எட்டு மணிக்கே டீக்கடைக்குப் போகிறவருக்கு, கடைக்கு வருவோரே அந்நேரம் அங்கிருக்கும் நாலு பேர்தான் என்று தோன்றும். சீரான இடைவெளியில் அடிக்கும் டைமர்களோடு ஒத்துப்போகாமல் இருக்கத்தான் அந்த ஒன்றைக் குறைக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த எண் இது.

இத்தகைய குறிப்புகளைப் படமாக்கியவர் பிரெண்டன் கிரெக். 2011இல், ஜாயன்ட் என்ற கிளவுட் நிறுவனத்தில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஏன் இவ்வளவு சிபியு தின்கிறது என்று தேடியபோது அவருக்குக் கிடைத்தது 5 லட்சம் வரிகளுக்கும் மேல். அதை ஒரே பக்கத்தில் பார்க்க அவர் செய்ததுதான் ஃபிளேம் கிராஃப். அகலமான கட்டமே அதிக நேரம் தின்பது. இடமிருந்து வலம் காலவரிசை அல்ல, அகரவரிசை. தேவையில்லாத எதையும் அதில் காட்டாமல் விட்டதைத்தான் நான் அதன் மேதைமை என்பேன்.

காரணம் எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 2012 ஜூன் 30 நள்ளிரவில் உலக நேரத்தில் ஒரு லீப் நொடி சேர்ந்தபோது, எத்தனையோ லினக்ஸ் சர்வர்களில் சிபியு வெளிப்படையான காரணமின்றி எகிறியது. தன் மின்நுகர்வு ஏறக்குறைய ஒரு மெகாவாட் கூடியதாக ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தெரிவித்தது. கெர்னலின் நுண்டைமர்கள் கடிகாரத்தைவிட ஒரு நொடி முந்திப் போயிருந்தன. ஒரு நொடிக்குள் எழுப்பச் சொல்லித் தூங்கப்போன புரோகிராம்கள் அக்கணமே எழுந்தன, திரும்பத் திரும்ப. 'டேட்' கட்டளையால் கடிகாரத்தை அது காட்டும் நேரத்துக்கே மறுபடி வைத்தால் போதும், அடங்கிவிட்டது. இவ்வளவு எளிய மருந்தை எட்ட எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

உள்ளே சும்மா, வெளியே கொதிப்பு என்ற நம் புதிருக்கு வருவோம். ஃபிளேம் கிராஃபில் சில சமயம் 'ஹால்ட்' என்ற கட்டமே அகன்று கிடக்கும். வேலை தீர்ந்த விர்ச்சுவல் சிபியுவை கேவிஎம் உடனே தூங்க விடுவதில்லை. அடுத்த வேலை வந்துவிடும் என்று கொஞ்ச நேரம் விழித்தே பார்த்திருக்கிறது. எக்ஸ்86இல் இதன் உச்ச வரம்பு பொதுவாக 2 லட்சம் நானோ நொடி, அதாவது 0.2 மில்லிநொடி. சின்னச் சின்ன வேலைகள் அந்த இடைவெளிக்குள்ளேயே வந்துகொண்டிருந்தால் சிபியு ஓய்வதே இல்லை. வரம்பைக் கூட்டிவைத்தால், சும்மா கிடக்கும் மெஷின்கூட 100 சதவீதம் காட்டலாம் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது.

வரம்பைக் குறைத்தால் எண் இறங்கிவிடும். ஆனால் தேர்ந்தவர் அதற்குமுன் உள்ளே ஓடுவது என்ன என்று கேட்கிறார். பதில் தாமதமாகக் கூடாத டேட்டாபேஸ் என்றால், அந்த விழிப்பு வீணல்ல, வேகத்துக்குக் கொடுக்கும் விலை. அப்போது காரணத்தைக் குறித்துவைத்துவிட்டு, செட்டிங்கைத் தொடாமல் திரையை மூடுகிறார்.