ஒரே நாளில் கழிப்பறைப் பழக்கமா?

'ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் கழிப்பறைப் பயிற்சி' என்று பொருள்படும் தலைப்பில், 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. எழுதியவர்கள் நேதன் அஸ்ரின், ரிச்சர்டு ஃபாக்ஸ் என்னும் உளவியல் அறிஞர்கள். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்ற நூல் இது. 'மூன்றே நாளில் பழக்கலாம்' என்று இன்று நம் இளம் தாய்மாருக்குச் சொல்லப்படும் யோசனைகளில் இந்நூலின் சாயலைக் காணலாம். எனவே, இதை நம் ஊரின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது.

முதலில் அதன் முறையைப் பார்ப்போம். குழந்தைக்கு நிறையக் குடிக்கக் கொடுக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும் ஒரு பொம்மையை வைத்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை உடை உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்திருந்தால் பாராட்டித் தின்பண்டம் தர வேண்டும். நனைத்துவிட்டால், வீட்டின் பல இடங்களிலிருந்து மலச்சட்டி வரை குழந்தையைத் திரும்பத் திரும்ப நடத்திப் பழக்க வேண்டும். 1973இல் 34 குழந்தைகளிடம் இம்முறையைச் சோதித்தபோது, சராசரியாக நான்கு மணி நேரத்தில் பயிற்சி முடிந்ததாம்.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு பெரிய பழக்கத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பாராட்டினால் குழந்தை விரைவில் கற்கும். இதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் அச்சோதனையில் பயிற்சி அளித்தவர்கள் தேர்ந்தவர்கள். 1977இல் மேட்சன், ஓலெண்டிக் ஆகிய இருவர் இதனை மீண்டும் சோதித்தனர். வல்லுநரின் துணை பெற்ற ஐந்து தாய்மாரில் நால்வர் வெற்றி கண்டனர். நூலை மட்டும் நம்பிய ஐவரில் ஒருவர்தான் வென்றார். குழந்தைகள் அடம்பிடித்து அழுததையும் அவர்கள் கண்டனர். சிறு சோதனைதான்; எனினும் நூலின் பெருங்குறை வெளிப்பட்டுவிட்டது. மறுக்கும் குழந்தையை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் நல்ல விடை இல்லை.

இதற்கு நேர் எதிரான கருத்தை, 1962லேயே பிரேசல்ட்டன் என்ற குழந்தை மருத்துவர் வெளியிட்டிருந்தார். குழந்தை தானே ஆயத்தமாகும் வரை வற்புறுத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்தார். பகல் நேரப் பழக்கம் சராசரியாக 28.5 மாதத்தில் கைகூடியது. அவர் கருணையோடு பேசுகிறார். ஆயினும் அவர் கண்டது டயபர் கட்டிய குழந்தைகளை. 1977இல் டிவ்ரீஸ் தம்பதியர் கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களிடையே கண்டது வேறு. அங்கே பிறந்த சில வாரங்களிலேயே தாய்மார் பழக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நம் பாட்டிமாரும் கால்களை நீட்டி, பாதங்களின் இடையே குழந்தையை உட்கார வைத்து, 'ஸ்ஸ்...' என்று ஒலி எழுப்பிப் பழக்குகிறார்கள் அல்லவா? ஆகவே 'ஆயத்தம்' என்பது வயதை மட்டும் பொறுத்ததன்று. வளர்ப்பு முறையையும் பொறுத்தது.

இனி பள்ளிகொண்டாவுக்கு வருவோம். பாலாற்றங்கரையில் உள்ள இவ்வூர்ப் பக்கத்தில், பாட்டியிடம் பழகிய குழந்தையும் இரண்டு, மூன்று வயதில் கழிப்பறைக்குள் போக மறுப்பதுண்டு. ஏன்? அது பழகியது வெளிச்சமான கொல்லைப்புறத்தில். 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்கு வீடு கழிப்பறை எழுந்தது. ஆனால் பீங்கானின் இரு மிதிகளும் பெரியவர்களின் காலுக்கு அமைந்தவை. சின்னக் கால்களை அகட்டினால் குழந்தை தடுமாறுகிறது. கீழே இருண்ட பள்ளம். மேலே தாழ்ப்பாள் போட்ட கதவு. அஞ்சுவது இயல்புதானே! இரு நூலோரும் குழந்தையின் மனத்தை ஆராய்ந்தார்கள். கழிப்பறையின் அளவை ஆராயவில்லை.

அச்சத்தைவிடப் பெரிய காரணம் வலி. ஒருமுறை மலம் இறுகி வலித்துவிட்டால், மறுமுறை குழந்தை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்க, பெருங்குடல் நீரை உறிஞ்சுவதால் மலம் மேலும் இறுகும். மலக்குடல் விரிந்து, உணர்வும் மங்கும். பின்னர் இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து துணியைக் கறைப்படுத்தும். இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மருந்து கொடுப்பவர்களும், வேண்டுமென்றே செய்வதாக எண்ணி அடிப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. சோப்புத் துண்டையோ வெற்றிலைக் காம்பையோ ஆசனவாயில் வைப்பதும் அச்சத்தையே வளர்க்கும். இத்தகைய குழந்தைக்குத் தேவை முதலில் மருத்துவரின் உதவி, பயிற்சி பிறகுதான்.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரக் காலணி ஆலைகளில் பெண்களே பெருந்தொகையினர். காலையில் கம்பெனி பஸ் ஏறும் தாய், நூல் கேட்கும் இடைவிடாத கவனத்தை எங்கிருந்து கொடுப்பார்? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. காப்பகமோ, அங்கன்வாடியோ, பாட்டியோ, யார் பழக்கினாலும் தாயும் அவரும் ஒரே சொல்லை, ஒரே முறையைக் கையாண்டால்தான் குழந்தை குழம்பாது.

நம் மரபும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதன்று. 'பச்சைப் பிள்ளையின் மலம்தானே' என்று சாக்கடையில் எறிகிறோம். 1973இல் மெல்போர்னில் கண்டறியப்பட்ட ரோட்டா வைரஸ் என்ன சொல்கிறது? நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான வைரஸ்கள் இருக்கும். இதற்கான இந்தியத் தடுப்பு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவின்படி, முதல் ஆண்டில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை அது தடுத்தது ஏறத்தாழ 56 விழுக்காடுதான். எஞ்சியதைத் தடுப்பதில் கழிப்பறைக்கும் கைகழுவும் சோப்புக்கும் பங்குண்டு. எனவே குழந்தை மலச்சட்டியில் கழித்தாலும், அதைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நூலிலிருந்து பாராட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கடிகாரத்தை விட்டுவிடுங்கள். பிரேசல்ட்டனிடமிருந்து பொறுமையையும், பாட்டியிடமிருந்து குறிப்பறியும் கண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். உணவு உண்டதும் குடல் அசைவு மிகும். அப்போது ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். பாதங்கள் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்கட்டும். குந்திய நிலையில் மலக்குடலின் வளைவு நிமிர்ந்து மலம் எளிதில் இறங்கும். கதவு திறந்திருக்கட்டும், விளக்கு எரியட்டும். நீரும் கீரையும் பழமும் நாள்தோறும் இருக்கட்டும்.

அஸ்ரினும் ஃபாக்ஸும் எழுதியது பயனற்ற நூல் அன்று. ஆனால் அது வேகத்தை வெற்றியின் அளவுகோலாக்கிவிட்டது. அஞ்சி அடக்கிக்கொள்ளும் குழந்தைக்கு நான்கு மணி நேரம் போதாது. சில மாதங்கள்கூட ஆகலாம். அந்த மாதங்களில் ஒருமுறைகூட அடி வாங்காமல் அது கற்றுக்கொண்டதென்றால், அதுவே நல்ல பயிற்சி.