சிக்கனமும் நாதமும்

வாத்தியத்தின் விலையை விசாரித்துக்கொண்ட பிறகே வாசிப்பைக் கேட்க உட்காருகிற ரஸிகர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜாஸ் சங்கீதத்தைச் சுற்றியும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. ஜாஸ் கிதார் என்றால் கையால் செதுக்கியதாக இருக்க வேண்டும். செய்தவரின் பெயர் உள்ளே இருக்க வேண்டும். விலை ஐயாயிரம் டாலருக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழ்ப்பட்டதெல்லாம் பழகுகிறவர்களுக்கான பொம்மை. இதுதான் அவர்களுடைய சித்தாந்தம். இது சரியல்ல என்பது என் கட்சி. இதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட இது கதையல்ல; ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிதாரில் பல வகைகள் உண்டு. தட்டையான முகமும் நடுவில் வட்டத் துளையுமாக இருப்பது ஒன்று. ராக் சங்கீதக்காரர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் கட்டைக் கிதார் இன்னொன்று. அதற்குக் குடமே கிடையாது, மின்சாரம் இல்லாவிட்டால் அநேகமாக ஊமைதான். நாம் பேச எடுத்துக்கொண்டது மூன்றாவது வகை. பிடிலைப் போலவே இதன் முகம் மேடாக வளைந்திருக்கும். துளைகளும் பிடிலில் இருப்பது போல எஃப் எழுத்து வடிவில் இரு புறமும் இருக்கும். தந்திகள் குதிரை மேல் ஏறி இறங்கி, கடைசியில் ஓர் உலோகத் தாங்கியில் முடியும். குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தினாலேயே நிற்கிறது. உள்ளே வெறும் காற்று. மின்சாரம் இருந்தாலும் பேசும், இல்லாவிட்டாலும் பேசும்.

இந்த வகைக் கிதார் ஏன் இத்தனை விலை பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 1922-ல், மிச்சிகன் மாகாணத்துக் கலமஸூ நகரத்தில் கிப்ஸன் கம்பெனியார் எல்-5 என்ற கிதாரைக் கொண்டு வந்தார்கள். எஃப் துளைகள் கொண்ட முதல் கிதார்களில் அது முக்கியமானது. தடித்த ஸ்ப்ரூஸ் பலகையை எடுத்து, வெளியே மேடாகவும் உள்ளே குழிவாகவும் செதுக்கிச் செதுக்கி, மெல்லிய ஓடாகக் கொண்டு வருகிற வேலை அது. மரத்தில் பெரும் பங்கு சீவலாகப் போய்விடும், நாட்களும் போய்விடும். எதற்காக இந்தப் பாடு? அந்தக் காலத்து நடன வாத்தியக் கோஷ்டிகளில் டிரம்பெட்டும் டிராம்போனும் டிரம்மும் சேர்ந்து முழங்கும்போது, அந்த முழக்கத்தை ஊடுருவிக்கொண்டு கிதாரின் தாளம் கேட்க வேண்டும் என்பதற்காக. கௌண்ட் பேஸியின் கோஷ்டியில் 1937-ல் சேர்ந்து 1987-ல் காலமாகும் வரையில் வாசித்த ஃபிரெடி கிரீனை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தின் உதவியை நாடாமல், நான்கு அடிக்கு நான்கு மீட்டாக, அந்தக் கோஷ்டியின் நாடித் துடிப்பாகவே அவர் இருந்தார். அவருக்குச் செதுக்கிய கிதார் ஆடம்பரம் அல்ல, தொழிற் கருவி. ஆக, அந்த விலை அழகுக்குக் கொடுத்த விலை என்பதை விட, உரத்த குரலுக்குக் கொடுத்த விலை என்பதே பொருத்தம்.

1936-ல் அந்தத் தேவையையே மாற்றக்கூடிய ஒரு காரியம் நடந்தது. அதே கிப்ஸன் கம்பெனியார் ஈ.எஸ். 150 என்ற மின்சாரக் கிதாரை வெளியிட்டார்கள். கிதாரும் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஏறக்குறைய 150 டாலர். பெயரிலேயே விலை இருக்கிறது. தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும். தந்தியின் அசைவு மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகிறது. அந்தக் கிதாரை எடுத்துக்கொண்டு 1939 ஆகஸ்டில் பென்னி குட்மனின் கோஷ்டியில் போய்ச் சேர்ந்தார் சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர். அதுவரையில் பெரும்பாலும் தாளம் போடுகிற சேவகனாக இருந்த கிதார், அவர் கையில் ஸாக்ஸஃபோனுக்குச் சமமாக உட்கார்ந்து பேசத் தொடங்கியது. 1942-ல், இருபத்தைந்தே வயதில், காசநோய் அவரைக் கொண்டு போய்விட்டது. ஆனால் அந்தச் சொற்ப கால வாசிப்புக்குப் பிறகு ஜாஸ் கிதார் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை.

கிறிஸ்டியனைப் பற்றி நாவலாசிரியர் ரால்ஃப் எலிஸன் 1958-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1964-ல் வெளிவந்த 'ஷாடோ அண்ட் ஆக்ட்' தொகுதியில் அதைப் படிக்கலாம். இருவரும் ஓக்லஹோமா நகரத்தில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூட நாட்களில், சுருட்டுப் பெட்டியைக் கொண்டு தானே செய்துகொண்ட கிதாரில் கிறிஸ்டியன் வாசித்ததை எலிஸன் அதில் நினைவுகூர்கிறார். அந்தப் பெட்டியிலிருந்து வந்தது பிள்ளை விளையாட்டு அல்ல. நுட்பமான ஸ்வரச் சேர்க்கைகள் அப்போதே அதில் இருந்தன என்கிறார். மரத்தின் ஜாதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு செய்தியை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சுருட்டுப் பெட்டியை ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம். போகட்டும். 1949-ல் வந்த ஈ.எஸ். 175-ஐ அப்படித் தள்ள முடியாது. இதன் விலையும் பெயரிலேயே இருந்தது: 175 டாலர். இதில் செதுக்கு வேலை கிடையாது. மெல்லிய மேப்பிள் தகடுகளை அடுக்கி ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்தார்கள். வெளிப்படையாகச் சொன்னால், ஒட்டுப் பலகை. செதுக்கிய கிதார்க்காரர்கள் முகம் சுளிக்கிற வார்த்தை அது. ஆனால் சிக்கனத்துக்காகச் செய்த அந்த வேலையில் ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. குடமுள்ள கிதாரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டினால் என்ன ஆகும்? ஒலிபெருக்கியின் ஓசை கிதாரின் முகத்தை அதிரச் செய்யும். அந்த அதிர்ச்சி தந்தியையும் காந்தத்தையும் எட்டி, மறுபடி ஒலிபெருக்கிக்கே போய்ச் சேரும். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் தாங்க முடியாத ஊளையாக முடியும். செதுக்கிய மெல்லிய முகம் எளிதில் அதிர்கிறது. ஆகையால் சீக்கிரம் ஊளையிடுகிறது. ஒட்டுப் பலகையோ விறைப்பானது, எளிதில் மசியாது. மின்சாரம் வருவதற்கு முன் எது குணமாக இருந்ததோ அது குற்றமாயிற்று. எது குற்றமாக இருந்திருக்குமோ அது குணமாயிற்று.

அதோடு நாதமும் மாறியது. ஒட்டுப் பலகையில் ஸ்வரம் 'டப்' என்று பிறந்து, நெடு நேரம் நீளாமல் அடங்கிவிடும். இது குறைதான். ஆனால் வேகமாக ஓடுகிற வரிசைகளில் ஒரு ஸ்வரம் அடுத்ததன் மேல் படியாமல் தெளிவாக நிற்பதற்கு இந்தக் குறையே துணை செய்கிறது. மழமழவென்று தட்டையாகச் சுற்றிய தந்திகளைப் போட்டு, ஒலியின் கூர்மையைச் சற்றுக் குறைத்துவிட்டால், உருண்டையான, கொஞ்சம் மங்கலான, ஒரு தனிக் குரல் வருகிறது. இன்று 'ஜாஸ் கிதாரின் நாதம்' என்று சொன்னவுடன் பலருடைய காதில் ஒலிப்பது அந்தக் குரல்தான்.

ஜிம் ஹால் தம்முடைய ஈ.எஸ். 175-ஐப் புதிதாகக் கூட வாங்கவில்லை. ஹாவர்ட் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு கிதார்க்காரர் வைத்திருந்ததை வாங்கிக்கொண்டார். 1962-ல் வந்த இரண்டு இசைத்தட்டுகளில், ஸன்னி ராலின்ஸுடன் வாசித்த 'தி பிரிட்ஜ்' என்பதிலும், பில் ஈவன்ஸின் பியானோவுடன் வாசித்த 'அண்டர்கரண்ட்' என்பதிலும், ஜிம் ஹாலின் அடக்கத்தைக் கேட்டவர்கள் மரத்தைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள். பின்னாளில் ரோஜர் ஸடோவ்ஸ்கி என்ற கைவினைஞர் ஜிம் ஹாலின் பெயரால் ஒரு கிதார் செய்தார். விலை உயர்ந்த கிதார்தான். ஆனால் அதுவும் ஒட்டுப் பலகையால் ஆனதே. ஏழையின் வீட்டில் வேறு வழியில்லாமல் பிறந்த சமையலைப் பணக்காரர்கள் ருசி கண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுவது போல!

இன்னொருவர் ஜோ பாஸ். போதைப் பழக்கத்தினால் வாழ்க்கையைப் பாதி அழித்துக்கொண்டு, கலிஃபோர்னியாவில் ஸினனான் என்ற மறுவாழ்வு விடுதியில் வந்து சேர்ந்த அவரிடம் சொந்தமாக ஒரு நல்ல ஜாஸ் கிதார் கூட இல்லை. 1962-ல் அந்த விடுதியிலிருந்து வந்த இசைத்தட்டில் அவர் வாசித்தது கட்டைக் கிதார், ராக் சங்கீதக்காரர்களுடைய வகை. பிறகுதான் அன்பர் ஒருவர் ஈ.எஸ். 175 ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஆனால் பரிசு வருவதற்கு முன்பே ஜோ பாஸ் வந்துவிட்டிருந்தார். அந்த இசைத்தட்டே சாட்சி.

எதிர்க் கட்சிக்காரர்கள் இங்கே வெஸ் மாண்ட்கோமரியைக் கொண்டு வருவார்கள். அவருடைய புகழோடு ஒட்டிக்கொண்டிருப்பது எல்-5 அல்லவா? உண்மை. செதுக்கிய ஸ்ப்ரூஸ் முகத்துக்கு விசேஷமான ஒரு விரிவு உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. தனியாக உட்கார்ந்து மெதுவாக ஒரு ஸ்வரக் கூட்டத்தை மீட்டினால், அது மலர்ந்து மலர்ந்து அடங்குவதை ஒட்டுப் பலகையில் கேட்க முடியாது. ஆனால் வெஸ்ஸை வெஸ் ஆக்கியது எது? இந்தியானபோலிஸில் பகலில் ஆலை வேலை, இரவில் கிளப்பு வாசிப்பு, வீட்டில் நிறையக் குழந்தைகள். வீட்டில் சாதகம் செய்யும்போது சத்தம் பொறுக்கவில்லை என்று குறை வந்ததால், தந்தி மீட்டும் வில்லையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை விரலால் வாசிக்கத் தொடங்கினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற செய்தி. உலகம் வியந்த அந்த மிருதுவான நாதத்துக்கு மூலம் கலமஸூ மரத்தில் மட்டும் இல்லை. சுவர் மெல்லிதான வீட்டில் குடும்பம் நடத்துகிறவனின் அடக்கத்திலும் இருக்கிறது.

இனி இன்றைய நிலைமை. ஈ.எஸ். 175 இன்று பழைய பொருள் வியாபாரிகளிடம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அன்றைய மலிவு இன்றைய மடியாகிவிட்டது! அதன் இடத்தில் ஜப்பானிய ஐபனீஸ் கம்பெனியார் 2002 முதல் 'ஆர்ட்கோர்' என்ற வரிசையில் சீனத்து ஆலைகளில் செய்விக்கும் கிதார்களும், கிப்ஸனின் கிளையான எபிஃபோன் கிதார்களும் இருக்கின்றன. ஏறத்தாழ 500 டாலரில் ஒன்று கிடைக்கும். 1949-ன் 175 டாலர் விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் இன்று சுமார் 2300 டாலர் ஆகும். ஆகவே, அன்றைக்கு மலிவு என்று பெயர் வாங்கியதை விட இன்றைய மலிவு நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. செய்கிற முறையோ அதேதான்: அடுக்கி ஒட்டிய பலகை, காந்தம், நகரும் குதிரை. இவற்றை 'நகல்' என்று இகழ்வது தவறு. ஒட்டுப் பலகைக் கிதாருக்கு ஒட்டுப் பலகைக் கிதார் வாரிசு; நகல் அல்ல.

வாரிசு என்று ஒப்புக்கொண்ட பிறகு கண்டிக்கவும் உரிமை உண்டு. இந்தக் கிதார்களில் பலவற்றிடம் எனக்குப் பிடிக்காதது அவற்றின் மலிவு அல்ல. மலிவைப் பற்றிய வெட்கம். ஜோ பாஸின் பெயரால் எபிஃபோன் கம்பெனியார் விற்ற கிதாரைப் பாருங்கள். உலோகப் பகுதிகளெல்லாம் பொன்முலாம். கழுத்தெல்லாம் முத்துச் சிப்பிப் பதிப்பு. சொந்தக் கிதார் இல்லாமல் விடுதிக் கிதாரை வாசித்தவருக்கு இந்த நகைகள் எதற்கு? நகைக்குச் செலவான பணமும் நேரமும் வேறிடத்திலிருந்து அல்லவா வர வேண்டும்? மலிவுக் கிதாரில் குறைகிறது மரம் அல்ல, மனிதக் கையின் நிமிஷங்கள். தந்தி கழுத்தில் நுழைகிற இடத்துப் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் இருக்கும், விரல் வலிக்கும். மெட்டுகளின் ஓரங்கள் அராவப்படாமல் உள்ளங்கையைக் கீறும். குதிரையின் பாதம் முகத்தின் வளைவோடு பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நாதம் பாதி அங்கேயே செத்துவிடும். அலங்காரத்தை அள்ளிக் கொட்டி வாக்கியத்தைத் திருத்தாமல் விட்ட நாவல்களை நாம் படித்ததில்லையா? அதே கதைதான் இது.

ஆனால் இந்தக் குறைகள் தீரக்கூடியவை. வாங்குகிறவர் கிதாரின் விலையோடு, ரிப்பேர் தெரிந்த ஒருவரின் கூலியையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளங்களை ஆழப்படுத்தி, மெட்டுகளை மட்டம் செய்து, குதிரையின் பாதத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தினால், அதே கிதார் வேறு குரலில் பேசும். சில வேலைகளைத் தாமே கற்றுக்கொள்ளலாம். எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை இடம் பெயர்ந்துவிடும். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி வருகிற ஸ்வரமும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு வருகிற ஸ்வரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேட்டுக் குதிரையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். அழுத்தி வருவது உயர்ந்து ஒலித்தால் குதிரை வாலின் பக்கம் போக வேண்டும். தாழ்ந்து ஒலித்தால் கழுத்தின் பக்கம். இப்படி ஒரு வாத்தியத்தைத் திருத்தித் திருத்திப் பழகுகிறவருக்கு அது சொந்தமாகிற விதமே வேறு. ஐயாயிரம் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறவருக்கு ரசீதுதான் சொந்தம்.

மற்றொரு சுகமும் உண்டு. ராத்திரி குழந்தைகள் தூங்கின பிறகு, ஒலிபெருக்கியை மூட்டாமலே இதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம். கட்டைக் கிதாரைப் போல முற்றிலும் ஊமையல்ல; வட்டத் துளைக் கிதாரைப் போலத் தெருவுக்குக் கேட்பதுமல்ல. வாசிக்கிறவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கும் மட்டும் போதுமான அளவுக்குப் பேசும். செதுக்கிய கிதார் ஒரு கோஷ்டியின் முழக்கத்தை எதிர்த்துப் பேசப் பிறந்தது. ஒட்டுப் பலகைக் கிதாருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அதற்கு வேண்டியது வாசிக்கத் தெரிந்த ஒரு கையும், கேட்கப் பொறுமையுள்ள ஒரு காதும். இந்த இரண்டும் எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் விலை உயர்ந்த கிதார்க்காரர்களுக்கும் நமக்கும் பொதுவான கஷ்டம்.